திரும்பிய எஃபி, திரும்பாத ஃப்ளாரன்ஸ்

1981-இல் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகத்தை, 2006-இல் பில் காண்டன் 'ட்ரீம்கேர்ள்ஸ்' என்று படமாக்கினார். டெட்ராய்ட் நகரப் பெண்கள் மூவர் புகழேணியில் ஏறும் கதை. கணீரென்ற குரல்கொண்ட எஃபியை ஓரங்கட்டி, தோற்றப் பொலிவுள்ள டீனாவை முன்னிறுத்துகிறார் மேலாளர். 'சுப்ரீம்ஸ்' குழுவின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. 1967-இல் அக்குழுவிலிருந்து விலக்கப்பட்ட ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், 1976-இல் 32 வயதிலேயே மறைந்தார். படத்திலோ எஃபி மேடைக்கு மீள்கிறாள், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. எஃபியாக நடித்த ஜெனிஃபர் ஹட்சனுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. பார்க்கையில் எனக்கும் கண் கலங்கிச்சு, மறைக்கலை. ஆனாலும் கேட்கத் தோணுது: வாழ்வில் ஒதுக்கப்பட்டவளுக்குத் திரையில ஜெயம் கொடுத்துட்டா கணக்கு நேராயிடுமா? ஆகாது என்பதே என் துணிபு. நம்மை அழவைக்கும் அதே காட்சி, ஃப்ளாரன்ஸின் முடிவை மறக்கவும் வைத்துவிடுகிறது.