தப்புச் சத்தம் எங்கே போனது? டேவின்சி ரிசால்வ்: ஒரு சோதனை

மாசி மாதத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். அதைப் படம் பிடித்து வந்த இளைஞர் மறுநாள் எடிட்டிங்கில் உட்கார்ந்தால் ரதியும் மதனும் ஆடுகிறார்கள், தப்பு மேளம் மட்டும் கேட்பதில்லை. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, கணினியை அணைத்துப் போட்டு, கடைசியில் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை அடியில் ஒட்டிவிடுவார். அந்தப் பாட்டுக்கு அநேகமாக அவசியமே இருந்திருக்காது.

சோதனைக்கு எடுத்தது விண்டோஸ் மடிக்கணினியில் ஓடும் எடிட்டிங் மென்பொருளான டேவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அவுஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் டேவின்சியை வாங்கியபோது அதற்கு நிறம் திருத்துவதுதான் தொழில். 2016இல் ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான ஃபேர்லைட்டையும் வாங்கி, அடுத்த ஆண்டு 14ஆம் பதிப்பில் ஓர் ஒலிக்கூடத்தையே உள்ளே வைத்துவிட்டார்கள்.

சத்தம் தொலைந்தால் முதலில் மூலக் கிளிப்பை இடப்பக்கத் திரையில் ஓடவிட வேண்டும். அங்கே கேட்கிறதா? அப்படியானால் கோப்பு பத்திரமாக இருக்கிறது, கோளாறு டைம்லைனில்தான். பெரும்பாலும் படத்தையும் ஒலியையும் பிரித்துவிட்டு, கைதவறி ஒலியை அழித்திருப்பார்கள். அல்லது ஏ1 தடத்தின் சிவப்புச் சட்டம் அணைந்திருக்கும். அது அணைந்திருந்தால் படம் மட்டுமே டைம்லைனுக்கு இறங்கும். மென்பொருள் இதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை. புதியவர்களை அழவைப்பது இந்த மௌனம்தான்.

மீட்பது எளிது. ஊமைக் கிளிப்பின் முதல் ஃப்ரேமில் நின்று எஃப் விசையைத் தட்டினால், மூலக் கிளிப் அதே ஃப்ரேமில் வந்து நிற்கும். ஐ விசையால் தொடக்கத்தைக் குறித்து, திரையின் அடியில் தெரியும் அலைவடிவக் குறியைப் பிடித்து, படத்தின் தலைக்கு நேராக ஒலித்தடத்தில் விட வேண்டும். மிஞ்சும் வாலை வெட்டிவிட்டு, இரண்டையும் தேர்ந்து கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழகிய கைக்கு அரை நிமிட வேலை.

ஒரு காதில் மட்டும் கேட்டால் அது வேறு கதை. மைக் ஒரே சானலில் பதிந்திருக்கும். கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆடியோ பகுதியைத் திறந்து, அந்த ஒரு சானலையே மோனோவாக மாற்றினால் தீர்ந்தது.

கூத்தைத் தனி ரெக்கார்டரில் பதிந்தவர்களுக்கு இன்னும் வசதி. படத்தையும் ஒலியையும் தேர்ந்து, அலைவடிவத்தின்படி இணைக்கச் சொன்னால் மென்பொருளே பொருத்திவிடும். கூர்மையாக எழும் தப்படி அதற்கு நல்ல அடையாளம். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும் இடங்களில் மட்டும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது. ஆனால் கமெராவில் ஒலியே பதியவில்லை என்றால் ஒப்பிட எதுவும் இல்லை. குச்சி தோலில் படும் ஃப்ரேமைத் தேடிக் கையால்தான் பொருத்த வேண்டும். அப்போது ஒரு கணக்கு உதவும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் ஓடும். 25 ஃப்ரேம் வீடியோவில், ரெக்கார்டர் தப்பிலிருந்து 14 மீற்றர் தள்ளியிருந்தால் ஒலி ஏறத்தாழ ஒரு ஃப்ரேம் பிந்தும். ரெக்கார்டரை லயத்து வாசலில் வைத்துவிட்டு மைதானத்தில் ஆடுவதைப் படம் பிடித்தவருக்கு இந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும்.

295 டொலர் கொடுத்து ஸ்டூடியோ பதிப்பை வாங்கினால் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி கிடைக்கும். கல்யாண வீட்டுப் பேச்சுக்கு அது அருமை. காமன் கூத்துக்கு ஆகாது. பாட்டைக் குரல் என்று வைத்துக்கொண்டு தப்பை இரைச்சல் என்று அடக்கிவிடும். தப்பு இல்லாமல் காமன் கூத்து ஏது?

குறைகளும் உண்டு. விண்டோஸில் 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. அதில் பாதி உள்ள பழைய மடிக்கணினி திணறும். கைபேசி வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்குவதால் நீண்ட கிளிப்பில் உதடும் குரலும் மெல்ல விலகிப் போகலாம். முன்கூட்டியே நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தீர்ப்பு: பதிந்த ஒலியை மீட்க இலவசப் பதிப்பே தாராளம், காசு கொடுக்க வேண்டாம். பதியாத ஒலியை எந்தப் பதிப்பும் தராது. அடுத்த மாசியில் ஒரு ரெக்கார்டரைக் கையோடு கொண்டுபோங்கள்.