ஒலிம்பியாவும் கோச்சடையானும்

ஹொஃப்மனின் ‘மணல் மனிதன்’ என்னும் ஜேர்மன் கதையில் (1816) ஒலிம்பியா என்ற இயந்திரப் பாவையின் கண்களில் காதலன் உயிரைக் காண்கிறான். நண்பனோ அதன் அளந்து வைத்த நடையைக் கண்டு அஞ்சி விலகுகிறான். உயிருள்ளதா, அற்றதா என்ற ஐயமே இவ்வச்சத்தின் வேர் என 1906இல் எர்ன்ஸ்ட் யென்ச் விளக்கினார்.

‘கோச்சடையான்’ (2014) அதற்குள் அடங்காது. நடிப்புப் பதிவு நுட்பத்தில் அமைந்த அவ்வுருவங்கள் கணினி வரைந்தவை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் கண்கள் உறுத்தின. ரஜினிகாந்தின் விழியசைவை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பயின்ற தமிழ்ப் பார்வையாளர்க்குச் சிறு குறையும் பெரிதாயிற்று. இங்கே காதலனே முதலில் அஞ்சுகிறான். நெடுநாள் பழகியதே அந்நியமாய்த் திரும்பி வருகிறது என்று 1919இல் ஃப்ராய்ட் கூறியதே பொருந்துகிறது. 2009இல் மறைந்த நாகேஷ் அதே படத்தில் கணினி உருவாய் நடமாடுவதற்கு யென்ச்சிடம் விடை இல்லை.