வெண்திரையில் கிறிஸ்தவர்: ஆய்வு மாணவர்க்குச் சில எண்ணங்கள்

தென்னகத்தில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் பணியாற்றிய ஒரு கிறிஸ்தவர். 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து அவர் படக்கருவியை வாங்கிக் கூடாரமடித்துக் காட்டிய படங்களுள் ஒன்று இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றியது. நம் மக்களிற் பலர் திரையில் முதன்முதல் கண்ட உருவங்களுள் நம் ஆண்டவரின் உருவமும் ஒன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் நெடுங்காலம் நம் பிரசங்கங்களில் சினிமா பெரும்பாலும் சபையாரை எச்சரிப்பதற்கான ஒரு சொல்லாகவே இருந்து வந்தது.

இன்று இறையியல் மாணவர் திரைப்படத்தையே தம் ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொள்வதை நாம் மகிழ்வுடன் வரவேற்கிறோம். ஆனால் அத்தகைய ஆய்வில் இறங்குவோர்க்கு முதலில் எழும் கேள்வி, ‘திரைப்படம் நம்மை உயர்வாகக் காட்டுகிறதா, இழிவாகக் காட்டுகிறதா?’ என்பதே. இக்கேள்வி போதாது என்பது நம் கருத்து. மூன்று படங்களைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

1955ஆம் ஆண்டில் எல். வி. பிரசாத் இயக்கத்தில் விஜயா நிறுவனம் தயாரித்த ‘மிஸ்ஸியம்மா’வில் மேரி என்னும் கிறிஸ்தவப் பெண்ணாகச் சாவித்திரி நடித்தார். வேலை கிடைக்க வேண்டி, மேரியும் பாலு என்னும் இந்து இளைஞனும் கணவன் மனைவியாக நடித்து ஒரு ஜமீன்தாரின் பள்ளியில் ஆசிரியர்களாகச் சேர்கின்றனர். மேரி தன்மானமும் கல்வியும் உடையவள். அவளை எங்கும் இழிவுபடுத்தவில்லை. ஆனால் முடிவில், சிறு வயதில் காணாமற்போன ஜமீன்தாரின் மகளே அவள் என்பது தெரிய வருகிறது. தடையின்றித் திருமணமும் கூடுகிறது. அவளுடைய கிறிஸ்தவம் கழற்றி வைக்கக்கூடிய ஓர் ஆடையாக முடிந்துவிடுகிறது.

இங்கே மாணவர் திரைப்படத் தொழிலையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரே கதை தமிழில் ஜெமினி கணேசனையும் தெலுங்கில் என். டி. ராமராவையும் கொண்டு ஒருங்கே எடுக்கப்பட்டது; 1957இல் இந்திக்கும் சென்றது. பெருமுதலீட்டில் பன்மொழிச் சந்தைக்கென உருவாகும் படம் எவர் மனத்தையும் புண்படுத்தாத முடிவையே நாடும். ஆகவே அம்முடிவை இயக்குநர் ஒருவரின் மதக்காழ்ப்பு என்று கொள்வது தவறு. முதலீட்டின் அச்சம் என்று கொள்வதே பொருந்தும்.

1972இல் வெளிவந்த ‘ஞான ஒளி’ கிறிஸ்தவரைக் கண்ணியத்தோடு காட்டும் படம். பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்த அந்தோணியாகச் சிவாஜி கணேசன் தோன்றிப் பாவம், குற்றவுணர்வு, மன்னிப்பு ஆகியவற்றை உள்ளம் உருகக் காட்டினார். எனினும் இப்படத்தில் கிறிஸ்தவம் என்பது ஆலயமும் மணியோசையும் அங்கியணிந்த குருவும் ஆகிய காட்சிப் பொருள்களாலேயே உணர்த்தப்படுகிறது. அந்தோணி எந்தத் தெருவில் பிறந்தவன், எந்தச் சமூகத்தான் என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை.

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தது. பிராமண இளைஞனும் மேரி என்னும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலித்து, இறுதியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைந்தெறிகின்றனர். இக்காட்சியைத் துணிவு என்று பாராட்டுவோரும் உளர்; சிலுவைக்கு இழைத்த அவமதிப்பு என்று வருந்துவோரும் உளர். இரு சாராரும் கவனியாத ஒன்றை நாம் சுட்ட விரும்புகிறோம். அவன் களைவது பிறப்பின் அடையாளம்; அவள் களைவது விசுவாசத்தின் அடையாளம். இவ்விரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. அவனுக்குச் சாதி உண்டு. அவளுக்கோ மதம் மட்டுமே உண்டு.

ஆக, ஒன்று ஆடையாகவும், ஒன்று கண்ணியமாகவும், ஒன்று தடையாகவும் கிறிஸ்தவத்தைக் காட்டினாலும், மூன்று படங்களும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. திரையில் வரும் கிறிஸ்தவர் சாதியற்றவர். தமிழகத் திருச்சபையில் மிகப் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். சேரியின் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் கூடும் அம்மக்களின் முகம் இப்படங்களில் இல்லை.

இதனைக் கண்டவுடன் திரையுலகைக் குற்றஞ்சாட்ட நமக்கு ஆவல் எழும். சற்றே நிதானிப்போம். சாதியற்ற கிறிஸ்தவர் என்னும் இச்சித்திரத்தைத் திரைக்கு வழங்கியவர் யார்? சட்டமும் அதனையே வரைந்துள்ளது. பட்டியல் சாதியினர் என்னும் தகுதி 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் விரிவாக்கப்பட்டும், 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவர்க்கு மறுக்கப்பட்டே வருகிறது. இந்த அநீதியை எதிர்த்து நாம் மனுச் செய்கிறோம், பேரணி நடத்துகிறோம். ஆனால் நம் மேடைகளில், ‘கிறிஸ்துவுக்குள் சாதியில்லை’ என்று சொல்லிவிட்டு, அதனை விசாரிக்கும் பொறுப்பிலிருந்தும் நம்மையே விடுவித்துக்கொள்கிறோம். 1833இல் பேராயர் டானியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அறவே நீக்கப் பணித்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபையையே விட்டு விலகியோர் பலர். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்களில் அந்த வரலாறு இன்னும் முடியவில்லை. திரை நம்மைப்பற்றிச் சொல்லும் பொய்யை நாமே முதலில் சொல்லிக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

மாற்று வழி உண்டு என்பதற்கும் திரையே சான்று பகர்கிறது. 2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’, திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேரும் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவன் படும் அவமானத்தை மறைக்காமல் காட்டியது. அது கிறிஸ்தவரைப் பற்றிய படமன்று. ஆயினும் திருநெல்வேலி நம் திருச்சபையின் பழம்பெரும் நிலம். அந்நிலத்தின் வேதனையை அப்படம் பேசிய அளவுக்கு நம் அருளுரைகள் பேசினவா என்று கேட்காமல் நாம் கடந்து செல்லலாகாது.

ஒன்பதாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. பொய் சொல்வது மட்டுமன்று, சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு உண்மையை விழுங்குவதும் அக்கட்டளையை மீறுவதேயாகும். ஒரு மக்களைச் சித்திரிக்கிற எவரும் அவர்களுக்காகச் சாட்சி சொல்லுகிறவரே. திரைப்பட இயக்குநர்க்குப் பொருந்தும் இவ்வளவுகோல், மறுவாரம் பிரசங்கபீடத்தில் ஏறப்போகும் மாணவர்க்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

ஆதலின், திரைப்படத்தை ஆய்கின்ற மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. படத்தைப் பாருங்கள், அதை யார், எவர் பணத்தில், எந்தச் சந்தைக்காக எடுத்தார் என்று விசாரியுங்கள், யார் காணப்படவில்லை என்று கேளுங்கள். பின்னர் அப்படத்தைக் களப்பணிக்குச் செல்லும் சிற்றூர்ச் சபையாரோடு அமர்ந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மௌனமாகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் சிறந்த அதிகாரம் அந்த மௌனத்திலிருந்தே எழுதப்படும். அதனை எழுதி முடித்தபின், அதே சபையாருக்கு நீங்கள் ஆயத்தம் செய்துள்ள அருளுரையையும் ஒருமுறை திருப்பிப் படித்துப் பாருங்கள்.