ஸ்கேன் செய்துவிட்டால் காப்பாற்றியாயிற்றா?

மரபுச் சின்னங்கள் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது ஒரு காட்சி கட்டாயம் உண்டு. இருட்டுத் திரையில் ஒரு கோயிலோ கோட்டையோ கோடிக்கணக்கான புள்ளிகளாக மெல்லச் சுழலும். பேசுகிறவர், "இனி இது அழியாது" என்பார். அரங்கம் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா அந்த ஒரு வாக்கியம் மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

எல்லாரும் காட்டும் முதல் உதாரணம் பாரிஸ் நோத்ர தாம். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரை எரிந்தது. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது. இடையில் பெரிதும் பேசப்பட்டது கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் எடுத்து வைத்திருந்த லேசர் ஸ்கேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிப் புள்ளிகளுக்கு மேல் பதிவு செய்திருந்தார். 2018-லேயே அவர் இறந்துவிட்டார்; அந்தப் பதிவு எதற்குப் பயன்பட்டது என்பதை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் வழக்கமாக விடுபடும் பாதி ஒன்று இருக்கிறது. எரிந்துபோன ஓக் மரச்சட்டகத்தை 2014 வாக்கில் ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் த்ரான்தசோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் கூரைக்குள் ஏறி, கையால் அளந்து வரைந்திருந்தார்கள். தச்சர்கள் கோடாரியால் பச்சை ஓக்கைச் செதுக்கிப் பழைய முறையிலேயே சட்டகத்தை மறுபடி எழுப்பியதற்கு அந்த வரைபடங்கள் பெரிய துணை. லேசர் பார்ப்பது மேற்பரப்பை. ஒரு சட்டம் இன்னொன்றுக்குள் எப்படிப் பொருந்துகிறது, எது முதலில் ஏறியது என்பதை, கேள்வியோடு பார்க்கிற கண்தான் பார்க்கும். டாலனும் சும்மா ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டடத்தை எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்வி அவரிடம் இருந்தது. கேள்வி இருந்ததால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு.

இரண்டாவது உதாரணத்தை அவ்வளவாக யாரும் காட்டுவதில்லை. உகாண்டாவின் கசுபியில் புகாண்டா அரசர்களின் கல்லறை மாளிகை இருக்கிறது. புல் வேய்ந்த பிரம்மாண்டக் கூரை. சையார்க் என்ற அமைப்பின் முயற்சியில் 2009-ல் அதை லேசரால் பதிவு செய்தார்கள். 2010 மார்ச்சில் அது எரிந்தது. பதிவு கைவசம் இருந்தது. ஆனாலும் யுனெஸ்கோவின் அபாயப் பட்டியலிலிருந்து அது வெளியே வர 2023 ஆயிற்று. ஏன்? கூரை வேய்வது அங்கே ஒரு குறிப்பிட்ட குலத்தாரின் உரிமை. அதற்குச் சடங்கும் விலக்கும் உண்டு. உட்கூரையின் 52 வளையங்கள் 52 குலங்களைக் குறிக்கின்றன. புல்லைக் கட்டும் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போயாக வேண்டும். வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டர் வரை ஃபைல் சொல்லும். யார் கட்டணும், எப்படிக் கட்டணும்னு சொல்லாது.

மூன்றாவது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. சிரியாவின் பல்மைராவில் இருந்த வெற்றி வளைவை 2015 அக்டோபரில் ஐ.எஸ். அமைப்பு தகர்த்தது. 2016 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதன் நகல் நின்றது. புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்து, இத்தாலியில் இயந்திரத்தால் கல்லில் செதுக்கியது. அளவில் மூலத்தைவிடச் சிறியது. மேயர் திறந்து வைத்தார், கூட்டம் செல்ஃபி எடுத்தது, சில நாளில் கழற்றிக்கொண்டு போனார்கள். பல்மைராவின் தொல்லியலை நாற்பது ஆண்டுகள் கவனித்துவந்த காலித் அல்-அசாத் முந்தைய ஆகஸ்டில்தான் கொல்லப்பட்டிருந்தார். அவர் தலைக்குள் இருந்ததை எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. வளைவின் வடிவம் கிடைத்துவிட்டது என்பதையே மீட்பு என்று கொண்டாடுவது, இழப்பைச் சின்னதாக்கிக் காட்டுகிற வேலை.

அப்போ டிஜிட்டல் பதிவே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. நம்ம ஊரிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில்களைப் புகைப்படம் எடுத்துவந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியது அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். 2014-ல் சிலை திரும்பி வந்தது. முப்பரிமாணமும் இல்லை, லேசரும் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள், கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க முடிந்தது. அவ்வளவுதான்.

இதை எழுதும்போது என் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறு கோயிலில் எடுத்த முந்நூறு படங்கள் இருக்கின்றன. தேதி இருக்கு. எந்தத் தூண், எந்தப் பக்கம்னு ஒரு வரி இல்லை. திருப்பணியில் அந்த மண்டபமே மாறிவிட்டது. என்னிடம் இருப்பது முந்நூறு அழகான படங்கள், ஆவணம் இல்லை.

ஆகவே அடுத்த முறை திரையில் புள்ளிகள் சுழலும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்காக இதைப் பதிவு செய்தீர்கள்? அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் கொத்தனார், தச்சர், ஸ்தபதி, பூசாரி சொன்னதையும் எழுதி வைத்தீர்களா? இருபது வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருத்தர் வந்து கேட்டால் ஃபைல் திறக்குமா, அவருக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கை தட்டலாம். நானும் தட்டுவேன்.