பாப்பா சொன்னால் யாருக்குத் தண்டனை?

2023 செப்டம்பர் கடைசி. ராயபுரத்தில் ஒரு தியேட்டர். 'சித்தா' படத்தின் இடைவேளை. பாப்கார்ன் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. அந்த அம்மா சன்னமான குரலில் கணவரிடம் சொன்னார்: "இனிமே பாப்பாவ டியூஷனுக்கு அனுப்ப வேணாங்க. உங்க தம்பி வண்டியிலயும் ஏத்த வேணாம்." கணவர் பதில் பேசவில்லை. பாப்கார்னை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பயம் நியாயமானது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? தப்பு செய்தவன் படத்தில் வருகிற எவனோ. தண்டனை மட்டும் பாப்பாவுக்கு. டியூஷன் கட். வண்டி கட். சித்தப்பா கட்.

எஸ்.யு. அருண்குமார் இயக்கிய படம் இது. பழனியில் நடக்கிற கதை. அண்ணன் இறந்த பிறகு அண்ணியையும் அண்ணன் மகளையும் தாங்கி நிற்கிறான் ஈஸ்வரன் (சித்தார்த்). குழந்தைக்கு அவன்தான் உலகம். அவளுடைய தோழிக்கு ஒரு கொடுமை நேர்கிறது. பழி ஈஸ்வரன் மேல் விழுகிறது. பிறகு அவன் வீட்டுக் குழந்தையே காணாமல் போகிறாள்.

முதலில் பாராட்டு. கொடுமையை இயக்குநர் காட்சிப் பொருளாக்கவில்லை. முதல் பாதியில் பெரியவர்கள் கத்துகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு குழந்தை பேச்சற்று உட்கார்ந்திருக்கிறாள். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே?

படத்தின் உச்சம் என்று நான் சொல்வது சண்டைக் காட்சியை அல்ல. பழிவாங்கத் துடிக்கும் ஈஸ்வரனிடம் சக்தி (நிமிஷா சஜயன்) பேசுகிற இடம். உன் ஆத்திரம் இருக்கட்டும், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயா என்பதுதான் அதன் சாரம். 'வெட்டுடா அவனை' என்று கைதட்டிப் பழகிய நமக்கு இது புதுசு.

இனி குறை. இரண்டாம் பாதி துரத்தல் படமாகிவிடுகிறது. குற்றவாளி முகம் தெரியாத ஒருவன். அப்பாடா, நம்ம ஆள் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டுங்கள். போக்சோ பலாத்கார வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆட்கள்தான்.

இந்த நிம்மதியைக் கெடுத்த படம், 2022-ல் வந்த கௌதம் ராமச்சந்திரனின் 'கார்கி'. முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும். சிறுமியைச் சிதைத்த வழக்கில் கைதான அப்பாவுக்காக ஊரோடு மோதுகிறாள் மகள் (சாய் பல்லவி). கடைசியில் அவரும் குற்றவாளிதான் என்று தெரிகிறது. அன்பான அப்பா, அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. ராட்சசனின் முகம் இல்லை. அதுதான் அந்தப் படத்தின் துணிச்சல்.

இது சினிமாக்காரர் கற்பனை என்று தள்ள முடியாது. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அயனாவரம். 2018 ஜூலையில் ஓர் அபார்ட்மென்ட்டில் 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்கில் சிதைத்ததாக 17 பேர் கைதானார்கள். செக்யூரிட்டி, லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர் என்று தினமும் பார்த்த முகங்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. குடிசைப் பகுதியில்தான் இதெல்லாம் நடக்கும் என்று வடசென்னையைப் பார்த்து மூக்கைப் பிடிப்பவர்கள் கவனிக்க: அது கேட் போட்ட, காவல் போட்ட குடியிருப்பு.

இரண்டு படங்களும் விட்ட இடம் ஒன்று உண்டு. அதை எனக்குச் சொன்னவர் திருவொற்றியூர் நண்பர் ஒருவர். துறைமுகத்தில் கிளியரிங் வேலை. 'சித்தா' பார்த்துவிட்டு வந்தவர் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வயதில் அவருக்கு டியூஷன் சாரால் நடந்தது. அம்மாவிடம் சொன்னார். "பெரியவங்களப் பத்தி இப்படியா பேசுவ?" என்று ஓர் அறை விழுந்தது. அதற்கப்புறம் 35 வருஷம் யாரிடமும் பேசவில்லை. "சார் பண்ணது பாதிதாங்க ஞாபகம். அந்த அறை நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "பையனுக்கு மட்டும் ஏன் சார் படமே வரல?"

பி.காம். படித்தவன், எனக்குக் கணக்கில்தான் புத்தி போகும். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். கணக்கில் பாதி இருப்பவனுக்குத் திரையில் இடமே இல்லையா?

சட்டம் நம்மைவிட முன்னே போய்விட்டது. போக்சோ 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. பையன், பெண் என்ற பேதம் அதில் இல்லை. குழந்தையிடம் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது. பெயரை வெளியிடக்கூடாது. உதவிக்கு 1098. சென்னையில் இதற்கென்றே 'துளிர்' அமைப்பு 2004 முதல் வேலை செய்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால் அத்தனையும் குழந்தை வாய் திறந்த பிறகுதான் ஆரம்பிக்கும். வாய் திறந்தால் அறை விழும், டியூஷன் போகும், விளையாட்டு போகும் என்றால் எந்தக் குழந்தை திறக்கும்?

குழந்தை சொல்ல வரும்போது டி.வி.யை அணையுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். மூன்று வாக்கியம் போதும்: "நான் நம்புறேன். தப்பு உன் மேல இல்ல. எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது." திருவொற்றியூர் நண்பர் அந்த மூன்று வாக்கியத்துக்காக 35 வருஷம் காத்திருந்தார்.

பாப்கார்ன் வரிசை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கொழுந்தனார் வண்டியில் ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் பாப்பாவிடம் ஒருமுறை கேளுங்கள், அவளுக்கு யாரோடு போகப் பிடிக்கவில்லை என்று. வீட்டில் பையன் இருந்தால் அவனிடமும்.