மிளகின் காலடி மண்

கண்டி மலைகள் குருநாகல் பக்கமாகத் தாழ்ந்து இறங்கும் வழியில் இருக்கிறது கலகெதர. இப்பகுதிச் செம்மண் பார்வைக்குச் செழிப்பாகத் தெரிந்தாலும் பல சரிவுகளில் இளைத்துப்போன மண்தான். அடித்துப் பெய்யும் மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்தோட, புளிப்பு மிஞ்சுகிறது. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை. இப்படிப்பட்ட மண்ணைத் தேற்றி மிளகு காய்க்க வைக்கும் கண்டி வீட்டுத்தோட்டக்காரரின் கைத்திறன் ரசிக்கத்தக்கது.

அந்தத் திறனின் உச்சம் கிளிரிசிடியா. மிளகுக்கொடி பற்றி ஏறும் மரமே கொடிக்கு உரமும் ஆகிறது. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் சேர்க்கும் மரம் இது. காய்ந்த இலையில் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் நைதரசன் உண்டு. தேர்ந்த தோட்டக்காரர் மழை தொடங்கும் வேளை பார்த்துக் கிளை கழிப்பார்: கொடிக்கு வெளிச்சம், வேருக்குத் தழை, இரண்டும் ஒரே வெட்டில். தழையைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல் சற்றுத் தள்ளி வட்டமாகப் பரப்புவார்; ஒட்டினால் ஈரம் தங்கி அடித்தண்டு அழுகும். சில வாரம் கழித்து அதை விலக்கிப் பார்த்தால், நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், வெள்ளைப் பூஞ்சண இழைகள், மண்புழு தள்ளிய கழிவுருண்டைகள், இவற்றை நாடி மேலேறி வந்த மெல்லிய வேர்கள்!

வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்திக்கும் இதில் பங்குண்டு. களையென்று ஒதுக்கப்படும் அதன் இலையில் பொட்டாசியம் மிகுதி. பூத்து முற்றுமுன் வெட்டினால் சீக்கிரம் மக்கும், விதையும் பரவாது.

கற்பொடி இடுவதற்குத்தான் நிதானம் அதிகம் வேண்டும். டொலமைற் புளிப்பை முறித்து, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மீட்டுத் தருகிறது. 1971இல் கண்டறியப்பட்ட எப்பாவல பாறைப் பொஸ்பேற்றோ புளிப்பு மண்ணில்தான் மெல்ல மெல்லக் கரையும். ஆகவே நெல்லைவிட மிளகு போன்ற நெடுங்காலப் பயிருக்கே ஏற்றது. இரண்டையும் சேர்த்து இட்டால் டொலமைற் மற்றதைக் கரையவிடாது. பச்சைச் சாணத்தோடு டொலமைற்றைக் கலந்தால் நைதரசன் ஆவியாய்ப் போகும். எதை முன்னே, எதைப் பின்னே என்று தெரிந்து இடைவெளி விடுபவரே கைதேர்ந்தவர்.

2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. இயற்கை உரத்தை அந்த அனுபவத்தை வைத்து எடைபோடுவது நியாயமல்ல. ஒரே போகத்தில் தேறும் மண் அல்ல இது; ஆண்டுதோறும் தழை விழ வேண்டும். புதிதாக மிளகு வைப்போர் முதலில் கிளிரிசிடியாக் கம்பை நட்டு, அது வேர்பிடித்துத் தழைத்த பிறகே கன்றை வைக்க வேண்டும்.