நகரக் காட்சியும் நாட்டாமியின் கூலியும்

நகரத்தைப் பற்றிய நடைச்சித்திரங்களுக்கு நம்மிடையே என்றுமே குறைவிருந்ததில்லை. கொழும்பைப் பற்றியவையாயின் அவை பெரும்பாலும் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்குள் நுழைகின்றன. பிரதான வீதியின் சனநெருக்கடி, செட்டியார் தெருவின் நகைக்கடைகள், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாய் எழுந்து நிற்கும் பள்ளிவாசல், நான்காம் குறுக்குத் தெருவின் மூட்டைக் குவியல்கள், இவற்றினூடே வழிவிடுமாறு கூவிக்கொண்டு கைவண்டியுடன் ஓடும் நாட்டாமி என்று வரிசை தவறாது வருணனை செல்லும். வாசகனும் ஒரு நகரத்தைக் கண்டுவிட்டதாக எண்ணி ஏட்டை மூடிவிடுகிறான்.

இவை பொய்யான காட்சிகள் அல்ல. எனினும் இத்தகைய எழுத்தை நோக்கி ஒரு கேள்வியைக் கேட்கலாம். அந்த நாட்டாமிக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது? இது பொருளியல் மாணவனின் கேள்வி, கலைஞனுக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால், விடை தெரியாதவரை அந்தக் காட்சிக்கே பொருள் விளங்குவதில்லை என்பதே நமது வாதம்.

நாட்டாமி மாதச் சம்பளக்காரன் அல்லன். சுமைக்கு இவ்வளவு என்பதே அவனது கணக்கு. லொறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து லொறிக்கும் எத்தனை நடை நடந்தானோ அத்தனைக்கே கூலி. தெரு அடைபட்டால் ஒரு நடை போயிற்று; மழை பிடித்தால் அரை நாள் போயிற்று. ஆகவேதான் அவன் ஓடுகிறான், ஆகவேதான் கூவுகிறான். நடைச்சித்திரக்காரர் நகரத்தின் சுறுசுறுப்பு என்று வியக்கும் அந்த வேகம் நகரத்தின் இயல்பன்று. அது கூலிமுறையின் விளைவு. காரணத்தை விட்டு ஓசையை மட்டும் எழுதியவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

அவன் மூட்டையை இறக்கிவைக்கும் கடைக்குள்ளே மற்றொருவன் நிற்கிறான். மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வேலை தேடி வந்த இளைஞனாக அவன் இருக்கலாம். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவனுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமும் என வேலைக்கு எல்லை வகுத்தது. அந்த எல்லை எந்த அளவுக்குப் பேணப்படுகிறது என்பதைக் கடை பூட்டும் நேரத்தில் அங்கு நின்றவர் அறிவர். வாசற்படிக்கு வெளியே சுமைக்குக் கூலி பெறுபவனின் ஓட்டத்தையோ எந்த மணிக்கூடும் நிறுத்துவதில்லை. இந்த வேறுபாட்டைக் காணாத கண்ணுக்கு இருவரும் சனக்கூட்டம்தான்.

1934 இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதிலும் நகர வருணனை உண்டு. சந்தும் சாக்கடையும் உண்டு. ஆனால் ஆலைத் தொழிலாளியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி வார்ப்பதற்காகத் தன்னை விற்றுப் பெற்ற தொகை முக்கால் ரூபாய் என்று ஆசிரியர் கணக்குச் சொல்லிவிடுகிறார். அந்த ஓர் எண் இல்லாவிடின் அது வெறும் அனுதாபக் கதையாய் முடிந்திருக்கும். எண் வந்ததும், கற்பைப் பற்றிய உபதேசங்கள் எல்லாம் அதன் முன் நின்று பதில் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

நம்மவர் குறையையும் மறைத்தல் தகாது. முற்போக்கு எழுத்து என்ற பெயரில், கைவண்டிக்காரன் கையில் ஒரு கொடியைக் கொடுத்து இறுதிப் பந்தியிலே முழங்க வைத்த கதைகள் உண்டு. அவன் அங்கும் ஒரு காட்சிப் பொருளே. வண்ணம் மட்டுமே மாறியிருக்கிறது. அவனுக்குக் கடன் யாரிடம், இரவில் எங்கே படுக்கிறான், தோள் தளர்ந்த பின் என்ன செய்வான் என்பவற்றை அறியாமல் அவனுக்காகப் பேசும் உரிமை நமக்கு ஏது?

2020 இல் பேலியகொடையில் புதிய சந்தைக் கட்டிடம் திறக்கப்பட்டு, புறக்கோட்டையின் மனிங் சந்தை அங்கு இடம்பெயர்ந்தது. பழகிய காட்சியொன்று மறைந்துவிட்டதே என்று இரங்குதல் எளிது. அச்சந்தையை நம்பி மூட்டை சுமந்தவன் மறுநாட் காலையில் எங்கே போய் நின்றான் என்று தேடிச் செல்வதே எழுத்தாளனின் வேலை. நகரத்தை எழுத விரும்பும் இளைஞர் தெருவோரத்தில் நின்று பார்த்தது போதும். கைவண்டியின் பின்னால் ஒரு நடையாவது போய்வந்து, பின்னர் பேனாவை எடுப்பார்களாக.